அப்பப்பாவின் வள்ளம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றியும் பிரசரைப் பற்றியும் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் கேட்டார். "அதை எல்லாரும் வட்ஸ்அப்பில் படித்துவிட்டார்கள் அக்கா, நான் ஒரு வள்ளத்தைப் பற்றிக் கதைக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கதையும், ஆனால் இருபது நிமிசம்தான்" என்றார். அந்த இருபது நிமிடத்தில், வல்வெட்டித்துறையில் எங்கள் குடும்பம் நான்கு ஓகஸ்ட் மாதங்களாகச் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

வல்வெட்டித்துறைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தோணிகளும் கப்பல்களும் ஒருகாலத்தில் நாகபட்டினத்துக்கும் மலையாளக் கரைக்கும் ரங்கூனுக்கும் போய்வந்தன. அவற்றுள் எல்லோர் வாயிலும் நிற்கும் பெயர் அன்னபூரணி. 1930இல் எங்கள் கரையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. அதை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர்த் தண்டையலும் மாலுமிகளும் அதை 1937இல் இங்கிருந்து செலுத்திக்கொண்டு போனார்கள். செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாவற்றையும் கடந்து, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்ந்தார்கள்.

அந்த றொபின்சனை ஒரு வைத்தியராகவும் எனக்குப் பிடிக்கும். 32 அடி நீளமான ஸ்வாப் என்ற சிறு படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர் அவர். 1934இல் கலாபாகோஸ் தீவுகளில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் வெடித்தது. பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை விமானங்கள் வைத்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியதால்தான் உயிர் பிழைத்தார். அன்று அவர் பிழைத்திராவிட்டால் அன்னபூரணி அமெரிக்கா போயிருக்காது. பிற்காலத்தில் அவர் தஹிதித் தீவில் யானைக்கால் நோய் ஆராய்ச்சிக்காக உழைத்தார் என்பதையும் இந்த இடத்தில் நன்றியோடு சொல்லவேண்டும்.

அன்னபூரணி போன பாதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதைக் கட்டிய விதத்தை யாரால் சொல்லமுடியும்? எந்த மரத்தை எங்கே வைத்தார்கள், பலகையை எப்படி வளைத்தார்கள், பொருத்துகளை எதனால் அடைத்தார்கள் என்று கேட்டால் எங்கள் தலைமுறை மௌனமாகிவிடும். எங்கள் ஓடாவிகள் கடதாசியில் படம் கீறிக் கட்டியவர்கள் அல்லர். கண்ணளவும் கயிற்றளவும்தான் அவர்களுடைய வரைபடம். பயணம் பேப்பரில் வந்தது, அதனால் நிலைத்தது. தொழில் கையில் இருந்தது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

இனி எங்கள் வீட்டு வள்ளத்துக்கு வருகிறேன். அது அன்னபூரணி மாதிரிப் பெரியதல்ல. இருபத்துநான்கு அடி நீளமான ஒரு மரவள்ளம். அப்பப்பா தொழிலுக்கு வைத்திருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் கடலில் தடைகள் வந்தபோது அதை இழுத்துவந்து வளவுக்குள் இரண்டு பனங்குற்றிகளின் மேல் ஏற்றிவைத்தார். "நிலைமை சரிவர இறக்குவம்" என்றாராம். நிலைமை சரிவர அவர் இருக்கவில்லை. 1987இல் வடமராட்சியே இடம்பெயர்ந்தது. பிறகு இன்னும் பல தடவைகள் ஓடினோம், திரும்பினோம். கிடுகுக் கொட்டில் விழுந்தது, தகரம் போட்டார்கள், தகரமும் பறந்தது. வள்ளம் மட்டும் அதே குற்றிகளின் மேல் இருந்தது. நாங்கள் சிறுவயதில் அதற்குள் ஏறிக் கடைச்சாமான் விளையாடியிருக்கிறோம்.

நான் இப்போது இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். அண்ணா ரொறன்ரோவில். அப்பாவும் சித்தப்பாவும் ஊரில். சில வருடங்களுக்கு முன் வளவுக்கு மதில் கட்டவேண்டி வந்தபோது வள்ளம் இடைஞ்சலாகிவிட்டது. விறகுக்கு உடைக்க ஒருவர் விலையும் பேசிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். அதன்பிறகு மூன்று நாட்டு வீடுகளும் கூடிக் கதைத்து எடுத்த முடிவுதான் இது: உடைப்பதில்லை, திருத்துவோம். பாடசாலை விடுமுறையான ஓகஸ்டில் எல்லோரும் வருவோம், பிள்ளைகளும் வேலை செய்யவேண்டும்.

ஆள் எங்கே? இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஓடாவியார் இருந்தார். வயது எழுபத்தெட்டு. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளெல்லாம் பைபர் படகுகள் நிறைந்துவிட்டன. அவரும் மரவேலையை விட்டுக் கதவு, யன்னல் செய்துகொண்டிருந்தார். சித்தப்பா கூப்பிட, ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். வந்தவர் வள்ளத்தைப் பார்க்கவில்லை, தட்டினார். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வொரு பலகையாகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சில இடத்தில் "டங்" என்று கேட்டது. சில இடத்தில் "தொப்" என்று கேட்டது. "தொப்" கேட்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளடி போட்டார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. மருத்துவ பீடத்தில் நோயாளியின் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டப் படித்தது இதைத்தானே! காற்று நிறைந்த நுரையீரல் ஒரு ஒலி தரும், நீர் கோத்த இடம் வேறு ஒலி தரும். லியோபோல்ட் ஔவன்புருக்கர் என்ற வைத்தியர் 1761இல் வியன்னாவில் இந்த முறையை நூலாக எழுதினார். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாவைத் தட்டி உள்ளே எவ்வளவு வைன் இருக்கிறது என்று அறிவதைச் சிறுவயதில் கண்டதால்தான் இந்த யோசனை வந்தது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அந்தத் தொழிலாளர்களுடைய காது மருத்துவத்துக்குள் வந்து, இருநூற்று அறுபது வருடங்களுக்குப் பிறகும் பாடமாக இருக்கிறது. எங்கள் ஓடாவியாருடைய காதுக்கு அப்படி ஒரு பாடப்புத்தகம் இல்லை.

தட்டி முடித்தவர் சொன்ன தீர்ப்பு இது: "பிள்ளை, மரம் சாகேல்லை. காய்ஞ்சு போய்க் கிடக்கு. இரும்பாணிதான் சாகடிச்சிருக்கு." இரும்பாணி துருப்பிடிக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்துவிடும். பலகையின் நடு நன்றாக இருக்கும், ஆணி இருந்த இடம் மட்டும் கறுத்துப் பொடியாக உதிரும். இன்னொன்றும் சொன்னார். கடற்தண்ணீர் மரத்தைக் காக்கும், மழைத்தண்ணீர்தான் உக்கவைக்கும். கூரை பறந்த மாரிகாலங்கள்தான் வள்ளத்துக்குப் பிடித்த நோய்.

அண்ணாவுக்கு ஒரு யோசனை இருந்தது. பழைய மரத்தின் மேல் பைபர் துணியைப் போர்த்தி, பசை பூசிவிட்டால் இரண்டு கிழமையில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு. ஓடாவியார் மறுத்துவிட்டார். உள்ளே ஈரம் அகப்பட்டால் போர்வைக்குள்ளேயே மரம் உக்கும், வெளியே பார்க்க அழகாக இருக்கும், ஒருநாள் கடலில் கைவிடும் என்றார். "சீழை வைச்சுத் தைச்சால் காயம் ஆறுமோ? நீங்கள் டொக்டர், சொல்லுங்கோ" என்று என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

முதல் ஓகஸ்ட் முழுவதும் நாங்கள் எதையும் கட்டவில்லை. நிமிர்த்தினோம். இத்தனை வருடமாக நடுவில் இரண்டு குற்றிகளின் மேல் இருந்ததால் வள்ளத்தின் இரு முனைகளும் தாழ்ந்து, முதுகு வளைந்திருந்தது. முனைகளின் கீழ் முண்டு கொடுத்து, ஆப்பு வைத்து, நாளுக்கு ஒரு தட்டு மட்டும் தட்டினார். பிள்ளைகள் பொறுமை இழந்தார்கள். "ஒரேயடியாய்த் தூக்கினால் முறியும், ஐயா" என்று என் மகனுக்குச் சொன்னார். மூன்றாவது கிழமை நூல் பிடித்துப் பார்த்தபோது ஏரா நேராக இருந்தது.

இரண்டாம் வருடம் வங்குகள். வள்ளத்தின் விலா எலும்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றக்கூடாது. ஒன்றைக் கழற்றி, அதே அளவில் புதிதைப் பொருத்தி, பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் வள்ளம் தன் உருவத்தையே மறந்துவிடும். நேரான பலகையை வளைவாக அறுத்தால் நார் வெட்டுப்பட்டு முறிந்துவிடும் என்பதால் இயற்கையாகவே வளைந்த கிளை வேண்டும். அதற்காக ஊரெல்லாம் பூவரசும் வேம்பும் தேடி அலைந்தோம். சித்தப்பாவும் பிள்ளைகளும் மட்டை வெட்டிய அச்சோடு வேலிவேலியாகப் போய், கிளைகளை அண்ணாந்து பார்த்து, அச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். "உங்கட பேரப்பிள்ளையள் மரத்தைப் பார்த்து என்ன செய்யினம்?" என்று அயலவர்கள் அப்பாவிடம் கேட்டார்கள். பிறகு அவர்களே தங்கள் வளவில் நல்ல வளைவு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நம் தையல் ரீச்சரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. கோணலாகத் தைத்ததை நேராக இழுத்துச் சமாளிக்கப் பார்த்தால் விடமாட்டார். "பிரியுங்கோ பிள்ளை, திரும்பத் தையுங்கோ" என்பார். அன்று எங்களுக்கு அது தண்டனையாகத் தெரிந்தது. ஓடாவியார் அதே சொல்லை என் அண்ணாவுக்கு ஒரு நாளில் நாலுதரம் சொன்னார்.

மூன்றாம் வருடம் பலகைகள். பழுதான பலகையையே அச்சாக வைத்துப் புதிதை வெட்டினார். அதை ஊறவிட்டு, கீழே காய்ந்த பாளையை எரித்துச் சூடு காட்டி, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து வளைத்தார். இரும்புக்குப் பதிலாகச் செப்பாணி. அந்த வருடம் அவருக்குக் கண் மங்கியிருந்தது. அதற்கு முதல் வருடமே கற்றரக்ட் என்று கண்டு, கிளினிக்குக்குப் போகும்படி சொல்லியிருந்தேன். "இந்த வயசில எனக்கு என்னத்துக்குக் கண்?" என்றவர், பலகை வெட்டவேண்டும் என்றதும் போய்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தார். தேவைப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள். இருபது வருட அனுபவத்தில் நான் கொடுத்த எத்தனையோ அறிவுரைகள் செய்யாததை ஒரு பலகை செய்தது.

நான்காம் வருடம்தான் கலப்பற்று. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்தில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி அடைக்கிற வேலை. அதற்குள் ஓடாவியாருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. உளி பிடித்தால் பொருத்தில் நிற்காது. இளம் ஆண்பிள்ளைகள் ஒருவர் இருவரைக் கூப்பிட்டுப் பார்த்தார், அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. என் பதினான்கு வயது மகளும் சித்தப்பாவின் பேத்தியும் பக்கத்தில் நின்றார்கள்.

எங்கள் வீட்டில் பெண்கள் வள்ளத்தில் தொழிலுக்குக் கால் வைத்ததில்லை. அப்பாச்சி வள்ளம் வரும்வரை கரையில் நின்று பார்ப்பார். வந்த மீனைப் பிரிப்பார், கணக்குப் பார்ப்பார், கடன் வாங்கி வலை போடுவார். ஆனால் வள்ளத்தைத் தொடமாட்டார். அதனால் பிள்ளைகள் உளியைக் கேட்டபோது அப்பா ஓடாவியாரின் முகத்தைப் பார்த்தார். ஓடாவியார் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்டு வந்த பிள்ளையளுக்குத்தானே சொல்லிக் குடுக்கலாம்" என்று சொல்லி, உளியை என் மகளின் கையில் வைத்தார்.

அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். பிள்ளைகள் அடிப்பார்கள். திரி தளர்வாக இருக்கும்போது கொட்டாப்புளியின் சத்தம் மந்தமாக இருக்கும். இறுக இறுகச் சத்தம் கூர்மையாகும். "காணாது... இன்னும்... இன்னும் ஒண்டு... காணும், நிப்பாட்டு" என்று சத்தத்தைக் கேட்டே சொல்லுவார். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் ஆபத்து. காய்ந்த மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும்போது இடம் இல்லாவிட்டால் வங்கையே தள்ளி உடைத்துவிடும். மூன்றாவது நாள் என் மகள் அவர் சொல்லுமுன்பே நிறுத்தினாள். ஓடாவியார் கண்ணைத் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொருத்துக்கு அவள் போனாள். நான்கு வருட வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிந்த நிமிடம் அதுதான். ஒரு காதில் இருந்தது இன்னொரு காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வள்ளத்தைக் கடலில் இறக்கியபோது தேங்காய் உடைத்தோம், படம் எடுத்தோம். பத்து நிமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பார்க்க வந்தவர்கள் மெல்லக் கலைந்தார்கள். அண்ணா தலையில் கை வைத்தார். ஓடாவியார் மட்டும் சிரித்தார். "நாப்பது வருசம் தாகத்தில கிடந்தது. குடிக்கட்டும்" என்றார். ஆழம் குறைந்த இடத்தில் கட்டிவைத்து, பிள்ளைகள் முறைவைத்துத் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு ஒருதரம். இரண்டாம் நாள் ஆறு மணிக்கு ஒருதரம். நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது உள்ளே ஒரு சிரட்டை தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அன்று எண்பத்திரண்டு வயது அப்பாவை ஏற்றிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே அப்பப்பா போன அதே வழியால் துடுப்புப் போட்டு வெளியே போனோம். பேத்திகள் இருவரும் அணியத்தில் இருந்தார்கள்.

நான் இருக்கும் நாட்டில் கிறீனிச் என்ற இடத்தில் கட்டி சார்க் என்ற பாய்க்கப்பல் இருக்கிறது. 1869இல் கட்டப்பட்டது. 2007இல் திருத்தவேலை நடக்கும்போது தீப்பிடித்தது. மீண்டும் திருத்தி 2012இல் திறந்தார்கள். ஏறத்தாழ 5 கோடி பவுண் செலவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அருமையான வேலை. நம்மிடம் அப்படிப் பணம் இல்லை. ஆனால் நம்மிடம் இன்றைக்கும் கதிரையில் இருந்து சத்தத்தைக் கேட்டு "காணும்" என்று சொல்லக்கூடிய ஆட்கள் ஓரிருவர் இருக்கிறார்கள்.

"அந்தக் காசுக்கு ஒரு புதுப் பைபர் படகு வாங்கி ஒரு குடும்பத்துக்குக் குடுத்திருக்கலாமே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பைபர் படகு பாரம் குறைந்தது, பராமரிப்பும் குறைவு, தொழில் செய்பவர்களுக்கு அதுதான் உதவும். யாரும் மரவள்ளத்துக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. நாங்கள் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எவ்வளவோ அனுப்புகிறோம். கோவிலுக்கு, பாடசாலைக்கு, நூலகத்துக்குக் காசு வருகிறது, கட்டடம் எழுகிறது. பிள்ளைகளோ விடுமுறைக்கு வந்து, திறப்புவிழாவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். காசு வங்கி மூலம் வரும். கைவேலை அப்படி வராது. அதற்கு ஒரு பிள்ளை ஒரு முதியவரின் பக்கத்தில் பல நாள் இருக்கவேண்டும். வள்ளம்தான் வேண்டும் என்றில்லை. பனையோலை இழைப்பதாக இருக்கலாம், வலை பொத்துவதாக இருக்கலாம், ஒடியல் கூழாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்லுவார்கள். கேட்காத ஒன்றைச் சொல்லும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வள்ளத்தில் பாய்மரம் நிற்கிறது, பாய் இல்லை. ஓடாவியாருக்குப் பாய் வெட்டத் தெரியாது. அது வேறு ஆட்களின் வேலை. எத்தனை துணி, எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு, வயிறு விடுவதற்கு எங்கே எத்தனை விரல் கூட்டித் தைப்பது என்பதைத் தெரிந்தவரை நாங்கள் தேடிய வரையில் இன்னும் காணவில்லை. ஒருவர் இருந்தார் என்று சொன்னார்கள். போனபோது, ஆறு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார் என்றார்கள். ஒரு தொழில் முடிந்துபோவது இப்படித்தான், ஆறு மாத வித்தியாசத்தில்.

இந்த உரையை மலரில் படிக்கும் சகோதரிகளே, நீங்கள் சிட்னியிலோ ஒஸ்லோவிலோ சென்னையிலோ இருக்கலாம். உங்கள் தகப்பனார், பாட்டனார், மாமனார் வழியில் பாய் வெட்டியவர் யாராவது இருந்தால், பழைய பெட்டியில் ஒரு கிழிந்த பாய் மடித்துக் கிடந்தால், அல்லது ஒரு கொப்பியில் அளவு எழுதியிருந்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பிரித்து அளந்து, அதே மாதிரி தைத்துப் பார்க்கிறோம். தையலில் நம் கல்லூரிப் பிள்ளைகள் சோடைபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.